கேள்வி – பதில்: பழைய பிரெஞ்சு லோரிகள்

ஜார்ஜ்டவுன் கடற்கரைத் திடலில் நெளிதகர உடம்போடு நின்று காப்பி விற்ற வேன் உண்மையிலேயே பிரான்சில் செய்ததுதானா என்று தஞ்சோங் தோக்கோங் வாசகர் ஒருவர் சென்ற இதழில் கேட்டிருந்தார். "தோற்றம் சிட்ரோயன் எச் வேனுடையது, உள்ளே இருப்பது பெரும்பாலும் ஜப்பானிய வேனாக இருக்கும்" என்று இரண்டு வரியில் பதில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஓய்வுபெற்ற ஓட்டுநர்களும் கப்பலில் வேலை பார்த்தவர்களும் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களும் எழுதிய கடிதங்கள் மேசையில் குவிந்துவிட்டன. ஆகவே இந்த மாதம் வேறு கேள்விகளை ஒதுக்கிவைத்துவிட்டு, பழைய பிரெஞ்சு லோரிகளுக்கும் வேன்களுக்கும் மட்டும் இடம் தருகிறேன்.

"உள்ளே ஜப்பானிய வேனாக இருக்கும்" என்று வண்டியைப் பார்க்காமலே எப்படிச் சொன்னீர்கள்? அசலைக் கண்டுபிடிக்க வழி உண்டா?
– ஓய்வுபெற்ற கொள்கலன் லோரி ஓட்டுநர், பட்டர்வொர்த்

சிறிய ஜப்பானிய வேன்களின் மேல் நெளிதகர முகத்தைப் பொருத்தி, எச் வேனைப் போல ஆக்கித் தரும் தொழில் இன்று பல நாடுகளில் நடக்கிறது. காப்பிக் கடைகளும் திருமண அலங்காரக்காரர்களும் அவற்றை விரும்பி வாங்குகிறார்கள். அதனால்தான் "பெரும்பாலும்" என்ற சொல்லைப் போட்டேன்.

கண்டுபிடிப்பது உங்களைப் போன்ற ஓட்டுநருக்கு மிக எளிது. வண்டியின் பின்னால் போய்க் குனிந்து, சக்கரங்களுக்கு இடையே பாருங்கள். குறுக்கே ஓர் அச்சும் அதன் நடுவில், சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியல் பெட்டியும் தெரிந்தால் அது எச் வேன் அன்று. அசல் எச் வேனை இழுப்பவை முன்சக்கரங்கள். பின்சக்கரங்கள் ஒவ்வொன்றும் தனித்தனிக் கையில், முறுக்குக் கம்பியின் தாங்கலில், சும்மா உருண்டு வருபவை. அச்சும் தண்டும் குறுக்கிடாததால் வண்டியின் தரை முழங்கால் உயரம்கூட இல்லாமல் தாழ்ந்து, முன்னிருந்து பின்வரை ஒரே மட்டமாக ஓடும். அடுத்தது அகலம்: அசல் வண்டி ஏறக்குறைய 2 மீட்டர் அகலம் கொண்டது. ஜப்பானின் சிறுரக வேன் ஒன்றரை மீட்டரைத் தாண்டக்கூடாது என்பது அந்நாட்டுச் சட்டம். எத்தனை தகரம் பொருத்தினாலும் அந்த ஒல்லி உடம்பு காட்டிக்கொடுத்துவிடும்.

எச் வேன் 1947இல் பாரிஸ் கண்காட்சியில் வெளிவந்து, 1981 டிசம்பர் வரை தயாரிக்கப்பட்டது. மொத்தம் 473,289 வண்டிகள். இயந்திரத்தைப் புதிதாகச் செய்யவில்லை. அதே நிறுவனத்தின் 'டிராக்சியோன் அவான்' காரில் ஓடிய 1,911 சிசி பெட்ரோல் இயந்திரத்தையும் மூன்று கியர் பெட்டியையும் எடுத்து வைத்தார்கள். உடம்பின் நெளிவுகள் அழகுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. போருக்குப் பிந்தைய பிரான்சில் எஃகுக்குத் தட்டுப்பாடு இருந்தது. மெல்லிய தகட்டை நெளித்துவிட்டால் அதே எடையில் பலமடங்கு விறைப்பாக நிற்கும். இந்த யோசனையை ஜெர்மனியின் யுங்கர்ஸ் விமானங்களின் உடம்பிலிருந்து எடுத்ததாகச் சொல்வார்கள். காலத்தை அறியவும் அடையாளங்கள் உண்டு. முன்கண்ணாடி நடுவில் பிரிந்து இரண்டாக இருந்தால் 1964க்கு முந்தைய வண்டி. ஓட்டுநரின் கதவு பின்பக்கக் கீலில் தொங்கி, முன்பக்கம் திறந்தால் 1969க்கு முந்தையது.

ஆனால் இந்த வண்டியின் மேன்மை அதன் பின்வாசலில்தான் இருக்கிறது. மேற்பகுதி ஒரு பலகையாக மேலே தூக்கித் திறக்கும். கீழ்ப்பகுதி இரண்டு கதவுகளாகப் பக்கவாட்டில் விரியும். மேலே தூக்கிய பலகை மழைக்கும் வெயிலுக்கும் கூரையாகிவிட, இறைச்சிக்காரரோ பால்காரரோ மூட்டையைத் தோளில் வைத்தபடியே தலை குனியாமல் உள்ளே நடந்துபோய் இறக்கலாம். வண்டியை வடிவமைத்தவர்கள் ஓட்டுபவரை நினைத்ததைவிடச் சுமை தூக்குபவரை அதிகம் நினைத்திருக்கிறார்கள். போருக்கு முன்பே, 1939இல் வந்த 'டியூப்' என்ற வேனைச் செய்யும்போது, கடைக்காரர்களிடமும் சிறு வியாபாரிகளிடமும் என்ன வேண்டும் என்று கேட்டு விவரம் திரட்டிய நிறுவனம் அது. எச் வேன் அந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில்தான். ஒரு லோரி நல்லதா என்று அறிய அதன் குதிரைத்திறனைக் கேட்காமல், அதில் நாள் முழுவதும் சுமை ஏற்றி இறக்கியவரிடம் கேட்க வேண்டும் என்பது என் கட்சி. இந்தக் கட்சி கீழே வேறு பதில்களிலும் தலைகாட்டும்; வாசகர்கள் பொறுத்தருள்க.

உலகிலேயே பெரிய லோரியைப் பிரெஞ்சுக்காரர்கள் செய்தார்கள் என்று என் மாமா சொல்வார். உண்மையா?
– கல்லூரி மாணவர், ஈப்போ

அந்தக் காலத்தில் உண்மை. லியோன் நகரத்துப் பெர்லியே நிறுவனம் 1957இல் வெளியிட்ட டி-100 என்ற லோரியைத்தான் அவர் சொல்லியிருப்பார். ஆறு சக்கரங்களும் உந்தும்; ஒவ்வொரு டயரும் ஓர் ஆளைவிட உயரம், சுமார் 2.2 மீட்டர். நீளம் ஏறக்குறைய 15 மீட்டர், அகலம் ஏறக்குறைய 5 மீட்டர். நம் பெரிய நெடுஞ்சாலைகளில் ஒரு தடம் மூன்றரை மீட்டர் அளவில் இருக்கும் என்பதை நினைத்தால், டி-100 வந்தால் பக்கத்துத் தடத்தில் ஒரு காருக்குக்கூட இடம் சிரமம். இயந்திரம் அமெரிக்காவின் கம்மின்ஸ் நிறுவனத்துப் பன்னிரண்டு சிலிண்டர் டீசல். 600 குதிரைத்திறன், பிற்பாடு 700.

சகாரா பாலைவனத்தில் ஹாஸி மெஸாவூத் என்ற இடத்தில் 1956இல் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது. துளைபோடும் கனத்த கருவிகளைச் சாலையே இல்லாத மணலில் இழுத்துச் செல்ல ஒரு வண்டி தேவைப்பட்டது என்பதே டி-100 பிறந்த கதை. மொத்தம் நான்குதான் செய்தார்கள். ஒன்று ஹாஸி மெஸாவூத்தில் நினைவுச் சின்னமாக நிற்கிறது. இன்னொன்று பிரான்சுக்குத் திரும்பிவந்து பெர்லியே அறக்கட்டளையின் பாதுகாப்பில் இருக்கிறது. நான்கே செய்த ஒன்றை லோரி என்பதைவிட விளம்பரம் என்பதே பொருத்தம் என்று எனக்குப் படுகிறது. கண்காட்சிக்குக் கண்காட்சி அதைக் கொண்டுபோய் நிறுத்தியதும் அதற்காகத்தான். அதே சகாராவில் உண்மையாக உழைத்தது 'கசெல்' என்று பெயர் பெற்ற பெர்லியே ஜிபிசி-8. 1959 கடைசியில் அவ்வகை லோரிகள் அணியாகக் கிளம்பி, அல்ஜீரியாவிலிருந்து தெனெரே மணல்வெளியைக் கடந்து சாட் நாடுவரை சென்று மீண்டன. பெர்லியே ஆர்வலர்கள் கூடும் இடங்களில் டி-100இன் படம் சுவரில் தொங்கினாலும் பேச்சு என்னவோ கசெலைப் பற்றித்தான் இருக்கும்.

நான் சிலாங்கூரில் தோட்டத்தில் பிறந்தவன். பால் லோரி, மரக்கட்டை லோரி எல்லாம் பெட்ஃபோர்ட், ஆஸ்டின், கோமர் என்றுதான் நினைவு. ஒரு பிரெஞ்சு லோரியையும் பார்த்ததில்லையே, ஏன்?
– வாசகர், கிள்ளான்

உங்கள் நினைவு சரியானது. அதில் ஒரு வேடிக்கையும் உண்டு. சிலாங்கூரில் பிரெஞ்சுக்காரர்கள் இல்லாமல் இல்லை. இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை 1917இல் தென்னமாரத்தில் உருவாக்கிய ஹென்றி ஃபோக்கோனியே பிரெஞ்சுக்காரர்தான். பிரெஞ்சு, பெல்ஜிய முதலீட்டில் நடந்த தோட்டங்களிலும் நம்மவர்கள் தலைமுறைகளாக உழைத்திருக்கிறார்கள். முதலீடு வந்தது, துரை வந்தார், கன்று வந்தது. லோரி மட்டும் வரவில்லை.

காரணம் வியாபாரம். பிரிட்டிஷ் ஆட்சிக்கு உட்பட்ட நாடுகள் தங்களுக்குள் சலுகை வரியில் வாணிபம் செய்வது என்று 1932இல் ஒட்டாவா மாநாட்டில் முடிவானது. அதற்கு முன்பே முகவர் நிறுவனங்கள், பட்டறைகள், உதிரிப் பாகக் கிடங்குகள் எல்லாம் பிரிட்டிஷ் வண்டிகளைச் சுற்றியே வளர்ந்திருந்தன. தோட்டத்துப் பட்டறையில் இருந்த ஸ்பானர்கூட ஆங்கிலேய அங்குல அளவில் இருந்தது; மெட்ரிக் அளவில் செய்த பிரெஞ்சு லோரியின் மரையை அதனால் கழற்ற முடியாது. மழைக்காலத்தில் லயத்துச் சாலையில் அச்சு உடைந்து நிற்கும் லோரிக்கு மறுநாள் காலைக்குள் பாகம் கிடைக்க வேண்டும். பிரான்சின் மார்சே துறைமுகத்திலிருந்து கப்பலில் வரட்டும் என்று எந்த மானேஜர் காத்திருப்பார்? ரப்பர் பால் கெட்டுப்போகும். பிரெஞ்சு லோரிகள் பிரெஞ்சு ஆட்சி நடந்த இடங்களுக்குச் சென்றன: அல்ஜீரியா, மேற்கு ஆப்பிரிக்கா, இந்தோசீனா. சுதந்திரத்துக்குப் பிறகு பிரிட்டிஷ் வண்டிகளின் இடத்தை ஜெர்மன் வண்டிகளும் ஜப்பானிய வண்டிகளும் பிடித்துக்கொண்டன. அந்தக் கதை உங்களுக்கே தெரியும்.

முழுவதும் வரவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. நம் ராணுவம் நெடுங்காலம் பயன்படுத்திய பனார் கவச வண்டிகள் பிரான்சில் செய்தவை. அந்தப் பனார் நிறுவனம் ஒரு காலத்தில் காரும் லோரியும் செய்த பழம்பெரும் நிறுவனம்.

முதல் உலகப் போரில் ஒரு கோட்டை நகரத்தை லோரிகள்தாம் காப்பாற்றின என்று வகுப்பில் சொன்னால் மாணவர்கள் நம்ப மறுக்கிறார்கள். விவரமாக எழுத முடியுமா?
– பள்ளி ஆசிரியை, பிரிக்ஃபீல்ட்ஸ்

முடியும், இந்த மாதக் கேள்விகளில் நான் மிகவும் விரும்பியது இதுதான். அந்த நகரம் பிரான்சின் வெர்டன். 1916 பிப்ரவரி 21 அன்று ஜெர்மானியப் படை அதைத் தாக்கத் தொடங்கியபோது, அங்கே செல்லும் பெரிய ரயில் பாதைகள் துண்டிக்கப்பட்டோ பீரங்கி எல்லைக்குள் அகப்பட்டோ பயனற்றுப் போயிருந்தன. மிஞ்சியவை குறுகிய தண்டவாளத்தில் ஓடும் ஒரு சிறு ரயிலும், தெற்கே பார்-லெ-டூக் ஊரிலிருந்து வரும் எழுபது கிலோமீட்டர் அளவிலான ஒரு நாட்டுப்புறச் சாலையும். ஆட்களையும் குண்டுகளையும் உணவையும் அந்தச் சாலையில் லோரிகளில் கொண்டுபோவது என்று முடிவு செய்தார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட லோரிகள் இரவு பகலாக ஓடின. நெருக்கடியான நாட்களில் சராசரியாகப் பதினான்கு வினாடிக்கு ஒரு வண்டி ஓர் இடத்தைக் கடந்தது. வாரத்துக்கு ஏறக்குறைய 90,000 வீரர்களும் 50,000 டன் பொருளும் சென்றதாகக் கணக்கு.

அவற்றில் புகழ்பெற்றது பெர்லியேயின் சிபிஏ. இன்றைய கண்ணுக்கு அது மிக எளிய வண்டி: நான்கு சிலிண்டர் இயந்திரம், இருபத்தைந்து குதிரைத்திறனுக்குள், பின்சக்கரங்களுக்குச் சங்கிலி, மரச்சக்கரத்தில் காற்றில்லாத கெட்டி ரப்பர் டயர். ஓட்டுநருக்கு முன்கண்ணாடி கிடையாது. பிப்ரவரிக் குளிரில், முன்னால் போகும் வண்டியின் பின்பலகையைப் பார்த்துக்கொண்டு பல மணி நேரம் ஓட்டியிருக்கிறார்கள்.

உங்கள் மாணவர்களுக்கு லோரியைவிடச் சாலையைப் பற்றிச் சொல்லுங்கள். அதுதான் நம்ப வைக்கும். சாலையைப் பல பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளரையும் பட்டறையையும் வைத்தார்கள். குதிரை வண்டிக்கும் நடந்துசெல்லும் படைக்கும் சாலையில் இடமில்லை. அவை பக்கத்து வயலில் போக வேண்டும். நின்றுபோன லோரியைப் பழுதுபார்க்க முயல்வதற்கும் அனுமதியில்லை. பின்னால் வருபவர்கள் அதைப் பள்ளத்தில் தள்ளிவிட்டுப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். பிப்ரவரி கடைசியில் பனி உருகிச் சாலை சேறானபோது, அருகிலேயே கல் வெட்டி, வயதான வீரர்களைச் சாலை ஓரமாக நிறுத்தி, ஓடும் லோரிகளின் சக்கரங்களுக்கு அடியில் மண்வெட்டியால் கல்லை வீசச் செய்தார்கள். சாலை உருளை கொண்டுவந்தால் போக்குவரத்து நின்றுவிடும் என்பதால், அந்தக் கல்லை அழுத்திப் பதித்த வேலையையும் லோரிகளின் கெட்டி டயர்களே செய்தன. கூரிய கல்லில் ஓடி அந்த டயர்கள் பிய்ந்து தொங்கின. பிய்ந்தவற்றை எடுத்துவிட்டுப் புதியவற்றைச் சக்கரத்தில் அழுத்திப் பொருத்துவதற்கென்றே நீரழுத்தப் பொறிகள் ஓயாமல் இயங்கின.

அந்த ரப்பரையும் வகுப்பில் மறக்காமல் சொல்லுங்கள். 1916இல் உலகச் சந்தைக்குச் சென்ற தோட்ட ரப்பரில் மிகப் பெரிய பங்கு மலாயாவினுடையது; விடியற்காலை விளக்கோடு போய் அதைச் சீவியவர்களில் பெரும்பாலோர் நம் முன்னோர்.

பெர்லியே லோரியின் முன்முகத்தில் ரயில் இயந்திரம் போல ஒரு சின்னம் இருக்கிறதே, லோரிக்கும் ரயிலுக்கும் என்ன உறவு?
– வாசகர், தைப்பிங்

மாரியுஸ் பெர்லியே 1905இல் தன் கார்களைச் செய்யும் உரிமையை அமெரிக்காவின் ரயில் இயந்திர நிறுவனம் ஒன்றுக்கு விற்றார். அந்தப் பணத்தில்தான் அவருடைய தொழிற்சாலை பெரிதானது. நன்றியோ பெருமையோ, ரயில் இயந்திரம் சின்னமாகிவிட்டது. கடன் வாங்கிப் பெரிய முதலாளி ஆனவர்கள் வங்கியின் சின்னத்தை நெற்றியில் ஒட்டிக்கொள்வதில்லை. அந்த வகையில் அவர் நேர்மையானவர்.

என் தாத்தா காரைக்காலிலிருந்து சைகோனுக்குப் போய், போருக்குப் பிறகு பினாங்குக்கு வந்தவர். சைகோனில் லோரிகள் கரி அடுப்பில் ஓடின என்பார். சிறுவயதில் சிரித்துக்கொண்டே கேட்டோம். உண்மையில் அப்படி இருந்ததா?
– குடும்பத்தலைவி, ஆயர் ஈத்தாம்

தாத்தா சொன்னது உண்மை அம்மா. பிரான்சிலும் அதன் ஆட்சிப் பகுதிகளிலும் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் போனபோது, ஆயிரக்கணக்கான லோரிகளும் பேருந்துகளும் விறகிலும் கரியிலும் ஓடின. இதற்கான உலைகளில் பெயர்பெற்றது பிரான்சின் அல்சேஸ் பகுதியைச் சேர்ந்த ஜார்ஜ் இம்பேர் என்ற வேதியியலாளர் 1920களில் உருவாக்கியது.

வேலை செய்யும் விதம் இது. ஓட்டுநர் அறைக்குப் பக்கத்திலோ பின்னாலோ ஆளுயர இரும்பு உருளை ஒன்று நிற்கும். அதில் கரியைப் போட்டு மூட்டிவிட்டு, முழுவதும் எரியப் போதாத அளவுக்கு மட்டும் காற்றை விடுவார்கள். அப்படிக் குறைக்காற்றில் எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்ற எரியக்கூடிய வாயு உண்டாகும். விறகும் ஈரமும் சேர்ந்தால் ஹைட்ரஜனும் கலக்கும். அந்த வாயுவைக் குழாய்களில் சுற்றவிட்டுக் குளிரச் செய்து, சாம்பலையும் தாரையும் வடிகட்டி, பெட்ரோல் போக வேண்டிய வழியில் இயந்திரத்துக்குள் விடுவார்கள். காற்றிலுள்ள நைட்ரஜனும் கூடவே வந்துவிடுவதால் வாயுவில் சத்துக் குறைவு. இயந்திரத்தின் பலத்தில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ போய்விடும். மேட்டில் ஏறும்போது பயணிகள் இறங்கி நடந்ததும் தள்ளியதும் அதனால்தான்.

ஓட்டுநரின் நாள் சமையற்காரரின் நாள் போலத் தொடங்கும். முந்திய நாள் சாம்பலை வாரி, வடிகட்டியைத் தட்டி, உலையை மூட்டி, வாயு நல்லபடி வருகிறதா என்று குழாய் வாயில் தீக்குச்சி காட்டிப் பார்த்து, அதன்பிறகே வண்டியைக் கிளப்ப முடியும். கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. மூடிய கொட்டகைக்குள் உலையை மூட்டியவர்கள் மயங்கி விழுந்து இறந்ததும் உண்டு.

இதற்குச் சைகோன்வரை போகவே வேண்டியதில்லை. ஜப்பானியர் காலத்தில் மலாயாவிலும் கரியில் ஓடிய பேருந்துகளும் லோரிகளும் இருந்தன. உங்கள் தெருவில் எண்பத்தைந்து, தொண்ணூறு வயதைத் தாண்டியவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள். புகையின் மணத்திலிருந்து சொல்லத் தொடங்குவார்கள்.

கப்பலில் வேலை பார்த்த காலத்தில் மார்சே துறைமுகத்தில் பழைய லோரிகளைப் பார்த்திருக்கிறேன். அங்கே வண்டிகள் வலப்பக்கம் ஓடுகின்றன. ஆனால் சில லோரிகளில் ஓட்டுநரும் வலப்பக்கமே உட்கார்ந்திருந்தார், நம் ஊர் வண்டிகளைப் போல. விளக்குகளோ மஞ்சள். இரண்டுக்கும் காரணம் என்ன?
– முன்னாள் மாலுமி, செபராங் ஜெயா

கூர்ந்து பார்த்திருக்கிறீர்கள். 1950கள் வரைக்கும் பிரான்சின் கனரக லோரிகள் பலவற்றில் ஸ்டீரிங் வலப்பக்கம்தான் இருந்தது. இத்தாலியில் இன்னும் பிந்தியும் நீடித்தது. குறுகிய சாலையில், அதிலும் மலைப்பாதையில், சாலையின் வலது விளிம்பு எங்கே முடிகிறது, சக்கரத்துக்கும் பள்ளத்துக்கும் எத்தனை விரற்கடை இடைவெளி இருக்கிறது என்பது ஓட்டுநருக்குத் தெரிவது உயிர்ப்பிரச்சினை. எதிரே வரும் வண்டிகள் குறைவாக இருந்த காலத்தில் இது நல்ல ஏற்பாடு. சாலைகள் அகன்று, முந்திச் செல்வது பெருகிய பிறகு, முன்னால் போகும் வண்டியின் இடப்புறமாக எட்டிப் பார்க்க முடியாத ஓட்டுநர் ஆபத்தாகிவிட்டார். ஸ்டீரிங் இடப்பக்கம் மாறியது.

மஞ்சள் விளக்கு சட்டத்தால் வந்தது. எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைக்காது என்று சொல்லி 1930களின் பிற்பகுதியில் கட்டாயமாக்கினார்கள். 1993இல் ஐரோப்பிய விதிகளுக்கு இணங்கப் புதிய வண்டிகளுக்கு வெள்ளை விளக்கு வந்தது. மழையிரவில் அந்த மஞ்சள் ஒளிக்கு ஈடில்லை என்று பழைய ஓட்டுநர்கள் இன்றும் வாதாடுவார்கள். வெள்ளையை வடிகட்டி மஞ்சளாக்கும்போது ஒளியின் அளவு சற்றுக் குறையும் என்பதை அவர்களிடம் சொல்லிப் பயனில்லை.

பெர்லியே, சாவியெம், யூனிக், பெர்னார், வில்லெம்... இத்தனை பெயர்களும் எங்கே போயின?
– வாசகர், பெட்டாலிங் ஜெயா

ஒன்றை ஒன்று விழுங்கின. ரெனால்ட்டின் லோரிப் பிரிவும் லத்தீல், சோமுவா என்ற இரு பழைய நிறுவனங்களும் சேர்ந்து 1955இல் சாவியெம் ஆனது. பெர்லியே 1967இல் சிட்ரோயனிடம் போய், 1974இல் ரெனால்ட்டின் கைக்கு மாறி, 1978இல் சாவியெமோடு கலந்தது. 1980இல் பெயரே மறைந்தது. யூனிக் 1975இல் இத்தாலியரோடு சேர்ந்து இவெக்கோ என்ற லோரி நிறுவனத்தில் கரைந்தது. சுறாமீன் மூக்கு என்று செல்லப்பெயர் பெற்ற லோரிகளைச் செய்த வில்லெம் 1970இல் மூடப்பட்டது. பெர்னாரின் கதை மட்டும் சற்று நீதிமன்றத் தீர்ப்பு மாதிரி முடிகிறது: 1963இல் அதை வாங்கிய அமெரிக்க மேக் நிறுவனம் சில ஆண்டுகளில் இழுத்து மூடியது, 1990இல் அந்த மேக்கையே ரெனால்ட் முழுவதுமாக வாங்கியது. 2001இல் இரண்டும் சேர்ந்து வால்வோவிடம் போய்ச் சேர்ந்தன.

வெற்றிபெற்ற வண்டிகளையே எல்லோரும் புகழ்கிறார்கள். தோற்றுப்போன பிரெஞ்சு லோரிகளில் உங்களுக்குப் பிடித்தது எது?
– பட்டறை உரிமையாளர், சுங்கை பட்டாணி

பெர்லியேயின் 'ஸ்ட்ராடேர்', தயங்காமல். 1965இல் வந்தது. முகத்தை நேராக நின்று பார்த்தால் இடமும் வலமும் ஒன்றுபோல் இராது. காற்று உள்ளே போகும் வலைச்சட்டம் ஒருபக்கமாக ஒதுங்கியிருக்கும். கோணல் முகம் என்று கேலி செய்தவர்கள் உண்டு. ஆனால் அது இயந்திரத்தின் குளிர்ச்சியையும் ஓட்டுநர் ஏறி இறங்கும் வசதியையும் மனத்தில் வைத்து வரைந்த முகம். ஓட்டுநர் அறையைத் தாழ்வாக வைத்தார்கள். நகரத்தில் பொருள் விநியோகிப்பவர் ஒரு நாளில் எத்தனை முறை இறங்கி ஏற வேண்டியிருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு முறையும் இரண்டு படி மிச்சமானால் மாலையில் முழங்கால் வாழ்த்தும். பின்பக்கத்துக்குக் காற்றுத் தாங்கல், அதாவது காற்றடைத்த பைகள் சுமையைத் தாங்கும் ஏற்பாடு, வைத்த வகையும் உண்டு. சுமை ஏறினாலும் இறங்கினாலும் மெத்தென்று ஓடும் என்பது எண்ணம். எண்ணம் நன்று, பொருள் முதிரவில்லை. பழுதுகள் தொடர்ந்தன, வாங்குபவர்கள் விலகினார்கள், 1970இல் நிறுத்திவிட்டார்கள். தாழ்ந்த அறையும் காற்றுத் தாங்கலும் இன்று உங்கள் பட்டறைக்கு வரும் நகர விநியோக லோரிகளில் சாதாரணம்.

மேற்கு ஆப்பிரிக்கத் துறைமுகங்களில் எங்கு பார்த்தாலும் பியூஜோ பிக்கப்தான். அதே 504 காரை நாம் இங்கே கௌரவமாக ஓட்டினோம். அங்கே மட்டும் எப்படிச் சுமை வண்டியானது?
– வாசகர், புக்கிட் மெர்தாஜாம்

404 வகையின் பிக்கப் 1967இலும், 504 வகையின் பிக்கப் 1970களின் கடைசியிலும் வந்தன. நம் நாட்டிலேயே பொருத்தி விற்கப்பட்ட 504 காருக்கும் அதற்கும் முகம் ஒன்று, முதுகு வேறு: பின்புறத்தில் கெட்டி அச்சும் இலைவில்லும் வைத்து ஒரு டன் அளவில் சுமக்க வைத்தார்கள். இயந்திரம் எளியது, தாங்கல் நீளமாக ஏறி இறங்கக்கூடியது, தார் போடாத சாலைக்கு இவை இரண்டும் போதும். நைஜீரியாவின் கடுனாவில் தொழிற்சாலை அமைந்ததால் பாகமும் உள்ளூரிலேயே கிடைத்தது. கிள்ளான் வாசகருக்குச் சொன்ன அதே கணக்குத்தான். இங்கே பெட்ஃபோர்டுக்கு அமைந்த யோகம் அங்கே பியூஜோவுக்கு.

இவற்றை நேரில் பார்க்க எங்கே போக வேண்டும்? ஓர் எச் வேனை இங்கே கொண்டுவரவும் ஆசை.
– இளம் தொழில்முனைவர், செந்தூல்

பார்க்க வேண்டுமானால், பாரிஸிலிருந்து தெற்கே செல்லும் பழைய ஏழாம் எண் தேசியச் சாலையில் லாபாலிஸ் என்ற சிற்றூரைக் குறித்துக்கொள்ளுங்கள். ஈராண்டுக்கு ஒருமுறை, அக்டோபரில், 1950–60களின் விடுமுறைக் காலப் போக்குவரத்து நெரிசலை வேண்டுமென்றே மறுபடி உண்டாக்கி மகிழ்வார்கள். அக்கால உடையணிந்த ஆர்வலர்கள் பழைய கார், வேன், லோரிகளோடு வரிசையில் முட்டி நின்று ஹாரன் அடிப்பதைக் காண மக்கள் கூடுகிறார்கள். நம்மவர்களுக்கு இது காசு கொடுத்து ஜாலான் துன் ரசாக் நெரிசலில் நிற்பது போலத் தோன்றலாம். லியோனில் உள்ள பெர்லியே அறக்கட்டளை பழைய லோரிகளின் பெரிய தொகுப்பைப் பாதுகாக்கிறது. அது அன்றாடம் திறந்திருக்கும் அருங்காட்சியகம் அல்ல, எழுதிக் கேட்டு அனுமதி பெற்றுக்கொண்டு பயணத்தை முடிவுசெய்யுங்கள்.

கொண்டுவருவதைப் பொறுத்தவரை, வண்டியை விலைபேசுவதற்கு முன் முதலீடு, வாணிப, தொழில் அமைச்சிடம் இறக்குமதி அனுமதியைப் பற்றி விசாரியுங்கள். அனுமதி, சுங்க வரி, வாகனப் பரிசோதனை, சாலைப் போக்குவரத்துத் துறையில் பதிவு என்ற வரிசையில் எது தடைபட்டாலும் வண்டி துறைமுகத்தில் நிற்கும், வாடகை ஓடும். ஸ்டீரிங் இடப்பக்கம் இருக்கும் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். இயந்திரப் பாகத்துக்குக் கவலை வேண்டாம். டிராக்சியோன் அவான் காரோடு பொதுவான இயந்திரம் என்பதால் பிரான்சிலும் ஹாலந்திலும் இன்றும் கிடைக்கிறது. கவலைப்பட வேண்டியது துருவுக்கு. நெளிவுகளின் அடிமடிப்பிலும் தரையின் ஓரங்களிலும் வண்ணத்துக்கு அடியில் துரு ஒளிந்திருக்கும். விற்பவர் அனுப்பும் படத்தை நம்பாமல், ஒரு சின்னச் சுத்தியலும் காந்தமும் கொண்டு தட்டிப் பார்க்க அங்கே ஓர் ஆளை ஏற்பாடு செய்யுங்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் புட்டி பூசியிருக்கிறார்கள் என்று பொருள். காப்பி விற்பது மட்டுமே நோக்கம் என்றால் தஞ்சோங் தோக்கோங் வாசகர் பார்த்த ஜப்பானிய வேனே போதும். காப்பியின் ருசி மாறாது, பழுதுபார்க்கவும் உங்கள் தெருமுனைப் பட்டறையே போதும்.